பதில்கள் மட்டும்

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தத் தட்டல் நிற்கவில்லை.

குரல் நின்றுவிட்டது. முதலாளியின் கடைக்குத் தீ வைத்த ஒரு குமாஸ்தாவின் குரல் அது. சளி கட்டிய தொண்டையோடு, வாக்கியத்துக்கு வாக்கியம் எச்சில் விழுங்கிப் பேசுகிற ஆள். அவன் ‘இருட்டு’ என்று சொன்ன இடத்தில் அவள் காலை எடுத்தாள், ஒலிப்பதிவு நின்றது, ஹெட்போனின் தடித்த பஞ்சு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்க, தலைக்குள் தண்ணீருக்கு அடியில் மூழ்கியிருப்பது போன்ற ஓர் அமைதி. தட்டல் காதுக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. செருப்பில்லாத உள்ளங்காலில், குளிர்ந்த தரை வழியாக, டொக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பிறகு எதையோ நகத்தால் பிறாண்டுவது போல நீளமாக ஒரு நடுக்கம்.

ஹெட்போனைக் கழற்றினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் மெஷின் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அவள் அசைந்ததில் நாற்காலி கிரீச்சிட்டது. அவ்வளவுதான். கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. தையல் மெஷினின் அதிர்வாக இருக்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டு ஜன்னல் ஆடும். நாள் முழுக்கக் குற்றவாளிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலுக்கும் காது முளைக்கும் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டினாள்.

அவளுடைய கணவனின் வேலை குற்றங்களுக்குக் காரணம் சொல்வது. செய்தானா இல்லையா என்பது போலீசின் கவலை. ஏன் செய்தான் என்பது அவனுடைய பிழைப்பு. நீதிமன்றம் கேட்டுக்கொண்டால், கைக்கு அடக்கமான ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போவான். கைதியோடு உட்கார்ந்து பேசுவான். அந்தப் பேச்சை வீட்டில் அவள் டைப் அடித்துக் கொடுப்பாள். அதை வைத்து அவன் எழுதுகிற அறிக்கையைப் படித்துவிட்டு நீதிபதிகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்களாம். யாருக்கும் ஒரு நாள்கூட நாடி பிடித்துப் பார்க்காத அவனைத் தெருவே டாக்டர் என்று கூப்பிட்டது.

டைப் அடிப்பதில் அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. “கேள்வியை அடிக்க வேண்டாம். நான் என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாதா? பதில் மட்டும் போதும். பக்கமும் குறையும், ஜட்ஜும் கொட்டாவி விடாம படிப்பார்.” கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தான். ஹெட்போனில் கணவனின் குரல் தொடங்கினால் அவள் கால் தானாகவே பெடலின் வலது பக்கத்துக்குப் போகும், ஒலிப்பதிவு தாவிக் குதிக்கும், பதில் வந்ததும் கால் திரும்பி வரும். கணவன் பேசும்போது காதை மூடிக்கொள்கிற வித்தை உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் இவ்வளவு சுத்தமாகக் கைவந்திருக்காது.

அவள் உட்கார்ந்து அடிப்பது அவன் ஜெயிலுக்குப் போகாத மத்தியானங்களில். அந்த நேரத்தில் மகளைத் தூங்கவைப்பது அவன் பொறுப்பு. நாலு வயது மகள், சுண்டுவிரல் அளவு இருந்தாள் என்று பிறந்த அன்று யாரோ சொல்லப்போய் ‘சுண்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. “குழந்தையைப் பார்த்துக்கிற ஆம்பிளை எங்கக்கா கிடைப்பாங்க? கொடுத்து வச்சவ நீங்க” என்று தையல்காரி சொல்லாத நாளில்லை. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். கொழுகொழுவென்று இருப்பான், பெயர் பூசணி. பின்பக்கத்துச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து வந்து சுண்டுவோடு விளையாடுவான், மெஷின் சத்தம் நின்றதும் அவன் அம்மா வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள்.

அன்று சாயங்காலம் சுண்டுவுக்குத் தலை வாரிவிடும்போது அந்த வாசனை வந்தது. குழந்தையின் வியர்வைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவில், சில்லென்று மூக்கின் உள்ளே ஏறுகிற அந்துருண்டை வாசனை. வாசனைதானே என்று சீப்பை இழுத்தாள், சிக்கில் மாட்டிக்கொண்டது, வலித்திருக்க வேண்டும், சுண்டு கத்தவில்லை. போன மாதம்வரை சீப்பைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள்.

“எங்கடி போய் ஒளிஞ்ச?”

“தூங்கினேன்.”

“எங்க தூங்கின?”

சுண்டு அம்மாவைப் பார்க்கவில்லை. சோபாவில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

“பெட்டியில இருந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். அந்த வாசனைதான்” என்றான் அவன், தன்னை யாரும் கேட்பதற்கு முன்பே. ஒரு சுளையைப் பிய்த்து மகளிடம் நீட்டினான். அவள் நடந்து போய் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல், கையில் பிதுங்கப் பிதுங்க வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கால் தாமதித்தது. குமாஸ்தாவின் பதிவில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தாள். மனது வேறெங்கோ, உள்ளங்கால் தரையில் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. கணவனின் குரல் வந்தது. கால் போகவில்லை. அவன் குரலை ஹெட்போனில் அவள் முழுதாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் பேசுவதைவிட மென்மையாக, காதோரம் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

“கதவு வெளியில தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா?”

“இல்ல சார். நாங்க இருந்தது கொட்டகை. கதவே கிடையாது.”

“நல்லா யோசிங்க. இருட்டா இருந்துச்சா?”

“இருட்டுன்னா... ராத்திரி இருட்டுத்தான் சார்.”

“அந்துருண்டை வாசனை வந்துச்சா?”

“அது... வந்திருக்கலாம் சார். நினைவில்ல.”

“வெளியில யாரோ உட்கார்ந்திருந்தாங்க. நீங்க உள்ள இருந்தீங்க. இல்ல?”

நெடுநேரம் எச்சில் விழுங்குகிற சத்தம். எங்கோ ஓர் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

“ஆமா சார். உட்கார்ந்திருந்தாங்க.”

“இப்ப நீங்களே முழுசா சொல்லுங்க பார்ப்போம்.”

குமாஸ்தா சொன்னான். சின்ன வயதில் ஓர் இருட்டறையில் போட்டு வெளியே தாழிட்டார்கள், அந்துருண்டை வாசனை, கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற நிழல். அழகாக, கோவையாக, கதவே இல்லாத வீட்டில் பிறந்தவன் சொன்னான். பழக்கதோஷத்தில் அவள் விரல்கள் அதை மட்டும் டைப் அடித்து முடித்திருந்தன.

பழைய பதிவுகளைத் திறந்தாள். பேருந்தில் கைப்பை அறுக்கிறவன், அண்ணனை வெட்டியவன், தங்கையைக் குளத்தில் தள்ளிய பெண். இத்தனை வருடத்தில் இவர்களுக்காக அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்திருக்கிறாள், உலகத்தில் ஏன் இத்தனை பேர் பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறார்கள் என்று வயிறு எரிந்திருக்கிறாள். இப்போது கேள்விகளோடு கேட்டாள். எல்லார் வாயிலும் ஒரே அறை. ஊட்டியது எல்லாம் அவன். வாங்கி விழுங்கியது அவர்கள்.

முதலில் வந்தது பயமில்லை, பரிதாபம். அப்படியானால் அந்த அறை அவனுடையது. அவனைத்தான் யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்ல வாயில்லாமல் ஊரான் வாயால் சொல்ல வைக்கிறான் என்று நினைத்தாள். சாப்பாட்டு மேஜையில், சுண்டு சோற்றை அளைந்துகொண்டிருக்கும்போது, அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடியே கேட்டாள்.

“என்னங்க, சின்ன வயசுல உங்களை யாராவது அறையில போட்டுப் பூட்டினாங்களா?”

“என்னையா?” அவன் மனம் விட்டுச் சிரித்தான். புரையேறுகிற அளவுக்குச் சிரித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமானான். “பதிவுல என் கேள்வியைக் கேட்டியா?”

“கால் தப்பிடுச்சு.”

“இத்தனை வருஷமா தப்பாத கால்.” அவன் சோற்றைப் பிசைந்தான். “ஒருத்தன் பிறவிக்கோணல்ங்கறான். ஒருத்தன் மூளையில முன்பக்கம் பழுதுங்கறான். வளர்ப்பு, சகவாசம், அம்மா பால் கொடுக்கல, அப்பா பெல்ட்டால அடிச்சான்னு ஆளுக்கு ஒண்ணு. எல்லாமே வண்டி கவிழ்ந்த அப்புறம் மெக்கானிக் சொல்ற கதை. ஒண்ணுமே ஆகறதுக்கு முன்னாடி பக்கத்துல உட்கார்ந்து, அது எப்படி முளைக்குதுன்னு கண்ணால பார்த்தவன் எவனாவது இருக்கானா?”

“அதை எப்படிங்க பார்க்க முடியும்?”

“பொறுமை வேணும்” என்றான். அவன் பார்வை சுண்டுவின் மேல் இருந்தது. மகள் மேல் ஓர் அப்பாவின் பார்வை இருக்கும் இடத்தில்தான் இருந்தது, ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவனின் பார்வையாக இருந்தது. அன்றிரவு அவள் மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு படுத்தாள். சுண்டுவின் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது.

காலையில் அவன் ஜெயிலுக்குக் கிளம்பிப் போன செருப்புச் சத்தம்கூட அடங்கவில்லை, அவள் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் வீட்டுப் பக்கமே வராதவன், ஆனால் போனில் வாய் ஓயாதவன்.

“என்ன அண்ணி, அதிசயமா இருக்கு! லிஃப்டுல மாட்டிக்கிட்டீங்களா?”

“உங்களை ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. சின்ன வயசுல உங்க அண்ணனை யாராவது அறையில பூட்டி வச்சாங்களா?”

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அவனையா? அவனை யாரு பூட்டுவா? அவன்தான் என்னைப் பூட்டுவான்.” கொழுந்தனின் குரலில் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது, பேசப் பேச வடிந்தது. “அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் ட்ரங்குப் பெட்டி வைக்கிற அறையில போட்டுத் தாழ் போட்டுடுவான். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். வெளியில உட்கார்ந்துக்கிட்டு, இப்ப என்ன தோணுது, இப்ப என்ன தோணுதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். அழுகை வருதுன்னா, அது வேண்டாம்பான். கோபம் வருதுன்னா குரலே மாறிடும், யார் மேலடா, யார் மேலடாம்பான்.”

“ஐயோ.”

“ஒரு நாள் பூனைக்குட்டி ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்து உள்ள விட்டான். உனக்கு என்ன பண்ணணும்னு தோணுதோ பண்ணுன்னான். நான் அதை மடியில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன் அண்ணி. கதவைத் திறந்து பார்த்துட்டு அடிச்சான் பாருங்க, அன்னிக்குத்தான் அடிச்சான். நீ லாயக்கில்ல, உனக்கு ஏழு வயசாயிடுச்சு, இன்னும் சின்னதா எடுத்திருக்கணும்னான்.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“ஏன் அண்ணி இதெல்லாம் கேக்கறீங்க?” என்றான் கொழுந்தன். பிறகு, பதிலுக்குக் காத்திராமல், “சுண்டுவுக்கு இப்ப என்ன வயசு?”

“நாலு.”

“துணிமணி எடுத்து வைங்க. இங்க லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டித் தொங்கிக்கிட்டு இருக்காங்க, விட்டுட்டு வர முடியாது. சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதீங்க. குழந்தையைக் கண்ணை விட்டு நகர்த்தாதீங்க.”

அவள் மேஜை போட்டிருந்த சுவருக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்கு அடியில், பழைய சாமான்கள் போடுகிற குட்டி அறை. என்றைக்கோ ஒரு நாள் பெட்டி எடுக்கத் திறந்ததோடு சரி. போய்த் திறந்தாள். அந்துருண்டை வாசனை முகத்தில் அறைந்தது. உள்ளே பெட்டிகள் ஓர் ஓரமாக நகர்த்தப்பட்டு, நடுவில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் சுத்தமாக இருந்தது. தரை துடைத்திருந்தது. கதவின் உள்பக்கம், தாழ்வாக, சுண்டுவின் தோள் உயரத்தில், மரத்தில் நகம் கீறிய வெள்ளை வெள்ளையான கோடுகள். மேஜையை ஒட்டிய சுவரின் உள்பக்கத்திலும் கோடுகள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் கால் இருந்தது. தினமும் இருந்தது.

பையில் மகளின் சட்டைகளைத் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. ஜெயிலிலிருந்து சாயங்காலம் வர வேண்டிய கணவன் மத்தியானமே வந்துவிட்டான்.

“ஜெயில்ல இன்னிக்கு ஆள் இல்ல” என்றான், செருப்பைக் கழற்றியபடியே. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அவசரமா ஒரு பதிவு இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன். உட்கார்ந்து அடிச்சுக் கொடுத்துடு.”

“சுண்டு இன்னிக்கு என்கூட இருக்கட்டும். கிறுக்கிக்கிட்டு இருக்கா.”

“தாராளமா இருக்கட்டும்” என்றான்.

மேஜைக்கு அருகில் பாயை விரித்து, காகிதமும் கலர் பென்சிலும் போட்டு, மகளைத் தன் கால் படுகிற தூரத்தில் உட்காரவைத்தாள். கணவன் சோபாவில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம்வரை நடித்துவிட்டால் போதும். ஒரு காதை வெளியே விட்டு ஹெட்போனைச் சாய்வாக மாட்டினாள். சோபாவின் ஸ்பிரிங் முனகியது. அவன் எழுந்து வந்து, அவள் பின்னால் நின்று, நகை போட்டுவிடுகிறவன் போல அவ்வளவு பதவிசாக, ஹெட்போனை இழுத்து இரண்டு காதிலும் பொருத்திவிட்டுப் போனான். உலகம் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மெஷினும் மின்விசிறியும் மகளின் பென்சில் உரசலும் ஒரேயடியாகப் போயின.

அவள் காலை அழுத்தினாள். கணவனின் குரல் வந்தது. கால் பழக்கத்தில் தாவப் பார்த்தது; பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே வைத்தாள்.

“இப்ப என்ன தோணுது?”

“அம்மா வேணும்.”

சுண்டு.

“அது வேண்டாம். வேற.”

அழுகை. குழந்தை மூக்கை உறிஞ்சுகிற சத்தம், சின்ன உடம்பு பெட்டியில் மோதுகிற சத்தம், விக்கல். பதிவு வெட்டி ஒட்டியிருந்தது. அடுத்தது வேறொரு நாள்.

“இப்ப?”

“பசிக்குது.”

“வேற.”

வேறொரு நாள். “இப்ப?” “ஒண்ணும் தோணல.” குரலில் ஈரம் போய்விட்டிருந்தது. வேறொரு நாள்.

“கோபம் வருது.”

“யார் மேல கண்ணு?”

“அம்மா மேல.”

“ஏன்?”

“பக்கத்துலதான் இருக்கா. தட்டினேன். வரல.”

திரையும் விசைப்பலகையும் நீரில் கரைந்தன. பாயை நோக்கித் திரும்ப வேண்டும், மகளை வாரி எடுக்க வேண்டும், ஆனால் கால் பெடலிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த பதிலைக் கேட்காமல் விட முடியவில்லை. குழந்தை இன்னும் எத்தனை நாள் தட்டினாள், என்னவெல்லாம் சொன்னாள், அத்தனையும் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு வெறி.

“இப்ப என்ன பண்ணணும்னு தோணுது?”

குழந்தையின் மூச்சு. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. வெட்கப்படுகிற மாதிரி.

டொக்.

காதில் இல்லை. காலில்.

திரும்பினாள். பாய் காலியாக இருந்தது. சிவப்புப் பென்சில் ஒன்று தரையில் உருண்டுகொண்டிருந்தது. சோபாவும் காலி.

ஹெட்போன் கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுத்தது, பிய்த்துப் போட்டாள், முழங்கால் மேஜையில் இடித்தது. பக்கத்து வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தைத் தாண்டினாள். நடைக்குத் திரும்பினாள். அம்மா வந்துட்டேன், அம்மா வந்துட்டேன் என்று வாய் முணுமுணுத்தது.

குட்டி அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் செருப்பு மாட்டும்போது உட்காருகிற முக்காலி. முக்காலியின் மேல், நுனிக்காலில், தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவள் சுண்டு.

வெளியே நின்றாள் சுண்டு.

அவள் மகள் வெளியேதான் இருந்தாள். பத்திரமாக. முழுசாக. அந்த நிம்மதி நெஞ்சில் இறங்குவதற்குள் கதவு மறுபடி அதிர்ந்தது. உள்ளிருந்து. மிகவும் தாழ்வாக, சுண்டுவின் தோளுக்கும் கீழே, முழங்கால் உயரத்தில். “ம்மா” என்று ஒரு மழலை. இன்னும் ‘அம்மா’ சொல்ல வராத ஒரு வாய்.

எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி, கையில் ரெக்கார்டரோடு அவள் கணவன் நின்றான். அவன் கன்னம் நனைந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அவள் பார்க்காத சந்தோஷம்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றான், கோயிலில் பேசுவது போலக் கிசுகிசுத்து. “சத்தியமா. அவளாவே போய்க் கூட்டிட்டு வந்தா. அவளாவே.”

“அடப் பாவி!” அவள் பாய்ந்தாள். தாழ்ப்பாளின் மேல், மகளின் கைகளின் மேல், தன் கையை வைத்தாள். சுண்டுவின் பிடி இறுக்கமாக இருந்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன.

மெஷின் நின்றது.

வெளியே செருப்புச் சத்தம். “பூசணி... டேய் பூசணி...” விளையாட்டாகக் கூப்பிடுகிற குரல், பின்பக்கம் போய், முன்பக்கம் வந்தது. வாசல் கம்பிக்கதவின் மேல் வளையல்கள் இடித்தன. நடையின் திருப்பம் மறைத்தது. தையல்காரிக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள், குரல் மட்டும்தான் எட்டும்.

“அக்கா! எங்க வீட்டுப் பூசணி அங்க வந்தானா?”

அவள் வாயைத் திறந்தாள்.

வந்தான். இங்கேதான் இருக்கிறான். என் மகள்தான் பூட்டினாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் தெரு கூடும். எல்லாரும் சுண்டுவைப் பார்ப்பார்கள். நாலு வயதில் இப்படியா என்பார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கூடவே வரும், என்றைக்காவது ஒருவன் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்காருவான். ஒரு நிமிடம். இவள் போனதும் திறந்துவிடலாம். ஓட்டை வழியாக அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நிமிடம்.

“இல்லையே ஆன்ட்டி” என்றாள் சுண்டு. தெளிவாக, இனிமையாக, பாட்டுச் சொல்வது போல.

“அக்கா?” தையல்காரிக்குப் பெரியவர்களின் வாயால் கேட்க வேண்டும். குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

“இல்லையேம்மா” என்றாள் அவள். “இந்தப் பக்கம் வரலையே.”

அவளைச் சின்ன வயதில் யாரும் பூட்டி வைத்ததில்லை. அவள் அப்பா அவளை ஒரு கிள்ளு கிள்ளியதில்லை. ஊட்டி ஊட்டி வளர்த்தார்கள். காரணம் கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே கூப்பிட்டது. அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனது. இப்போது ஓடியது.

சுண்டு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் உடம்பின் விறைப்பு தளர்ந்தது. அம்மாவின் இடுப்பில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

திற.

கை வரவில்லை.

உள்ளே தட்டல் இல்லை. எப்போது நின்றது? அவள் பேசும்போதா, அதற்கு முன்பா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு விசும்பல். ஒரு நகர்வு. எதுவாவது. இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஒன்றும் இல்லை.

திறந்தால் தெரிந்துவிடும்.

எங்கோ தெருக்கோடியில் ஒரு தாய் இப்போது பெயரைச் சொல்லாமல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தாள். இங்கே அவள் கண்ணைத் தாழ்த்தினாள். கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக நான்கு குட்டி விரல்கள் வெளியே நீண்டிருந்தன. கொழுகொழுவென்று, நகத்தில் மண்ணோடு. தரையில் படிந்து, அசையாமல் இருந்தன. தாழ்ப்பாளின் மேல், மகளின் கைகளின் மேல், அவளுடைய கை இன்னும் இறுக அழுத்திக்கொண்டிருந்தது.